நூறு வருஷத்துக்கு ஒரு கொள்ளைநோயா? அந்தக் கணக்கு தப்பு

“1720 பிளேக், 1820 காலரா, 1920 ஸ்பானிஷ் ஃப்ளூ, 2020 கொரோனா, நூறு ஆண்டுக்கு ஒருமுறை கொள்ளைநோய் வரும்” என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்றுகிறது. பார்க்க அழகான கணக்குதான். ஆனால் வருஷங்களை இழுத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

1720-இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் பிளேக் பரவியது உண்மை. துணிமூட்டை ஏற்றிவந்த கப்பலோடு அது வந்து இறங்கியது. சரி, மற்றவை? காலரா வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கியது 1817-இல். ஸ்பானிஷ் ஃப்ளூ 1918, கொரோனா 2019 கடைசியில்.

பிளேக்கும் காலண்டர் பார்த்து வருவதில்லை. 1347-இல் ஐரோப்பா, 1665-இல் லண்டன், 1896-இல் பம்பாய், 1994-இல் சூரத். மடகாஸ்கரில் இன்றும் வருகிறது. எலியிலும் அதன் மேல் ஒட்டும் தெள்ளுப்பூச்சியிலும் வாழும் பாக்டீரியா அது. அந்தத் தெள்ளுப்பூச்சியிடம் கடி பட்டவருக்குக் காய்ச்சலோடு அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியுடன் நெறி கட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் பிளேக் பற்றிய பக்கத்தில் நோய் விவரங்களைச் சரிபார்க்கலாம். குடும்பக் குழுவில் இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.