இரண்டு தெரு தள்ளி நடந்திருக்கலாம்
நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜில் தொங்கும் உக்ரைன் ஆதரவுக் கொடிகள் பற்றிய உங்கள் படத்தொகுப்பில் 'வெசெல்கா' உணவகத்துக்கு மட்டும் ஆறு படங்கள்! 1954-இல் தொடங்கிய கடை, 2022-இல் போர்ஷ் சூப் விற்ற பணத்தை உக்ரைனுக்குக் கொடுத்த கடை. கேமராக்கள் அங்கே மொய்ப்பதில் வியப்பில்லை. ஆனால் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, ஏழாவது தெருவில் புனித ஜார்ஜ் உக்ரைனியத் தேவாலயம் இருக்கிறதே? அதை ஒட்டிய சிறு தெருவுக்கு உக்ரைன் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் பெயர். அங்கே ஒரு படம்கூட எடுக்கவில்லை.

போர் தொடங்கிய மறுமாதம் நான் அங்கு நின்றேன். படிக்கட்டில் சூரியகாந்திப் பூவுடன் ஒரு மூதாட்டி அழுதுகொண்டிருந்தார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். எதிர்மாடி ஜன்னலில் காய்ந்த நீல மஞ்சள் துணியை மட்டும் பிறகு எடுத்தேன்.

இன்னொன்று: உக்ரைன் கொடியில் நீலம் மேலே, மஞ்சள் கீழே. உங்கள் நான்காவது படத்தில் கொடி தலைகீழாகத் தொங்குகிறது, கவனித்தீர்களா?