தொப்பை போட்ட ஜன்னல்

கண்ணாடிக் கட்டடத்தில் எதிர்க் கட்டடம் தெரிவதைப் படமெடுத்துப் போட்டால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "கோடெல்லாம் ஏன் நெளிஞ்சிருக்கு? எடிட்ல நேராக்கியிருக்கலாமே?" போன மாதம் ஒரு போட்டிக்கு அனுப்பிய படமும் இதனால்தான் தேறவில்லை. 'உருக்குலைவு அதிகம்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வரிக்கு மனதுக்குள் நான் சொல்லிக்கொண்ட மறுமொழிதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருந்தது ஒரு பழைய செங்கல் கட்டடம். நேரில் பார்த்தால் நூல் பிடித்தது போல ஆறு ஜன்னல்கள். குளிர்ந்த காலை. எதிரே இருந்த கண்ணாடிச் சுவரில் விழுந்ததும் முதல் ஜன்னல் தொப்பை போட்டுவிட்டது. இரண்டாவது ஜன்னலைக் கண்ணாடிச் சட்டம் குறுக்கே வெட்டியது. வெட்டுக்கு இந்தப் பக்கம் வந்த செங்கல் வரிசை, அந்தப் பக்கம் ஒரு முழம் மேலே ஏறித் தொடர்ந்தது. நான் படமெடுத்ததே அந்தத் தாவலுக்காகத்தான்.

இந்த நெளிவு லென்ஸின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தட்டையான கண்ணாடி செய்வதில் மனிதன் எப்போதோ கரைகண்டுவிட்டான். உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959-லேயே அறிவித்துவிட்டது. கோணல் வருவது அதற்கப்புறம்தான். உறுதிக்காக அந்தத் தகட்டை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி உருளைகள் மேல் ஓட்டும்போது மெல்லிய அலை விழுகிறது. பிறகு இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றையோ ஆர்கானையோ அடைத்து ஓரத்தை மூடிவிடுகிறார்கள். குளிரில் உள்ளே இருக்கும் வாயு சுருங்கினால் தகடு உட்குழியும். வெயிலில் விரிந்தால் வெளியே புடைக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் மாறினாலும் இதே கதைதான். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. ஆனால் தூரத்துக் கட்டடத்தைக் காட்டும்போது அந்த மில்லிமீட்டரே ஒரு மாடியை வளைத்துவிடும்.

ஆக, குளிரில் உட்குழிந்த கண்ணாடி காட்டிய அந்தத் தொப்பை அன்றைய வானிலை. அதை நேராக்கச் சொன்னால் நான் எதைப் படமெடுத்தேன் என்பதே போய்விடுகிறது. இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை: பிம்பத்தில் இடவலம் மாறிய பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும் என்று படத்தையே திருப்பிப் போடுவது. பலகையைப் படிக்க ஆசையென்றால் திரும்பி நின்று பலகையையே எடுக்கலாமே!

சுத்தமான பிம்பத்துக்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. பாஸ்டனில் 1976-இல் முடிந்த 60 மாடி ஹான்காக் கோபுரம், பக்கத்தில் இருக்கும் 19-ஆம் நூற்றாண்டு டிரினிட்டி தேவாலயத்தைத் தன் மேல் ஏந்திக்கொண்டு நிற்கிறது. வடிவமைத்த ஹென்றி காப் தெரிந்தே செய்த வேலை அது. கட்டும்போது கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்து, 10,344 கண்ணாடித் தகடுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஓட்டைகளை ஒட்டுப்பலகையால் அடைத்திருந்த காலமும் உண்டு. எனக்கு என்னவோ, அப்போது ஒரு கேமராவோடு அங்கே இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. பாதி தேவாலயம், பாதி மரப்பலகை!

புதிதாக எடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் வழுக்குவது ஃபோகஸில். பிம்பம் கண்ணாடியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கண்ணாடி உங்களிடமிருந்து 20 மீட்டர், எதிர்க் கட்டடம் கண்ணாடியிலிருந்து 80 மீட்டர் என்றால், இரண்டையும் கூட்டி, நீங்கள் ஃபோகஸ் செய்ய வேண்டிய தூரம் சுமார் 100 மீட்டர். ஆட்டோஃபோகஸோ பளிச்சென்று தெரியும் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். சட்டமும் வேண்டும், பிம்பமும் வேண்டும் என்றால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8, எஃப் 11 என்று இறங்குங்கள். வெளிச்சத்துக்குப் பெரிய சூத்திரம் கிடையாது: கண்ணாடி நிழலில், எதிர்க் கட்டடம் வெயிலில், அவ்வளவுதான்.

பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டியைப் பையிலேயே விட்டுவிடுவேன். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 56 டிகிரி வாக்கில் நின்று அதைத் திருப்பினால், எடுக்க வந்த பிம்பத்தையே பெருமளவு துடைத்துவிடும். மாற்றித் திருப்பினால் பிம்பம் தூக்கலாகும், சரி. ஆனால் சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியில் சிறுத்தைப் புள்ளி போலக் கறைகள் எழும்பி நிற்கும்.

சாதாரணக் கண்ணாடி ஒற்றைத் தகடாக இருந்தால், நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பகலில் உள்ளே இருட்டாக இருப்பதால் அந்த 8-க்கே இவ்வளவு அதிகாரம். சாயங்காலம் உள்ளே விளக்கு எரியத் தொடங்கியதும் எதிர்க் கட்டடத்தின் நெற்றியில் யாரோ ஒருவருடைய நாற்காலியும் அதில் தொங்கும் கோட்டும் முளைக்கும். கொஞ்ச நேரம் இரண்டும் சமமாக இருக்கும். பிறகு நாற்காலி ஜெயித்துவிடும்.

போட்டி முடிவு வந்த பிறகு அதே இடத்துக்கு, நல்ல வெயில் நாளாகப் பார்த்து மதியம் போனேன். அதே லென்ஸ், அதே நடைபாதைக் கல்லின் மேல் நின்றேன். தொப்பை போட்டிருந்த ஜன்னல் ஒடுங்கி, இடுப்பு சிறுத்து நின்றது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கோட்டைக்கூட நேராக்காமல், அடுத்த போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன்.