அழகுக்குத்தான் இறக்கினேன்

சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய பெரியப்பா போன தை மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குனிந்து முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல்தான் போனது.

"ஏங்கண்ணு, நாங்கெல்லாம் கமான் பட்டை ஏத்தி வண்டிய ஒசத்தறதுக்குக் காசு குடுப்போம். நீ எறக்கறதுக்கா குடுத்த?"

"வளைவுல நல்லா நிக்குமுங்க பெரியப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபி குடிக்கப் போய்விட்டார். நான் சொன்னது முக்கால்வாசிப் பொய். காரை இறக்கிய எல்லோரும் சொல்லும் அதே பொய். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வண்டி ஒரு பழைய ஆடி டிடி, இரண்டாம் தலைமுறை மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. (ஆடி மாசத்தில் ஆடி எடுக்கக் கூடாது என்று அம்மா ஆவணி வரை நிறுத்தி வைத்தது தனிக் கதை.) கம்பெனியில் இருந்து வந்த உயரத்தில் பின்பக்கம் டயருக்கு மேலே ஒரு கை போகும் இடைவெளி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வளர்ந்த பையன் போன வருஷ பேன்ட் போட்ட மாதிரி இருக்கும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் அவ்வளவுதான். ரேஸும் இல்லை, வளைவும் இல்லை.

25 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் செட் ஒன்று வாங்கினேன். இதில் ஐபாக், ஹெச் அண்ட் ஆர் என்று பேர்பெற்ற ஜெர்மன் தயாரிப்புகள் இருக்கின்றன. நல்ல செட்டில் ஸ்பிரிங் கட்டையாக இருந்தாலும், ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது தான் உட்காரும் இடத்தை விட்டு நழுவாத அளவுக்குக் கணக்குப் பண்ணியிருப்பார்கள். கிரைண்டரில் ஒரு சுற்றை வெட்டிவிட்டுத் "தாழ்த்தியாச்சு" என்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்கவும். மாட்டும் முன்னும் பின்னும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதி வைத்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும்.

சரி, இதனால் எவ்வளவு லாபம்? இந்த மாதிரி காரின் எடைமையம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 25 மி.மீ. என்பது அதில் இருபதில் ஒரு பங்கு. வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை ஐந்து சதவீதம் குறையும். சக்கரத்தை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் தட்டுதான் ஸ்பேசர். பக்கத்துக்கு 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 30 மி.மீ. கூடும். ஒன்றரை மீட்டர் சொச்சத்தில் அது இரண்டு சதவீதம். வண்டி சாயாமல் நிற்கிறதே என்றால், அதில் பெரும்பங்கு ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால் வருவது. உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள வண்டியை ரொம்ப இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை படுக்கை நிலையைத் தாண்டி சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அது எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவிலான நெம்புகோல் நீளும். வண்டி சாயப் பார்க்கும், அதைத் தடுக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் தேவைப்படும். 50, 60 மி.மீ. இறக்கிவிட்டு வளைவில் பறக்கிறது என்பவர்களிடம் நான் விவாதம் செய்வதில்லை.

ஷாக் அப்சார்பரில் நான் கஞ்சத்தனம் செய்தேன். வண்டி எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது, ஷாக்கும் அதே வயசு. "கசியவில்லையே, ஓடட்டும்" என்று விட்டேன். ஸ்பிரிங் இறங்கியதும் ஷாக் மேலே அமுங்க இருந்த தூரத்தில் 25 மி.மீ. போய்விட்டது. கொஞ்சம் பெரிய மேடு வந்தாலே தண்டில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். மேம்பால இணைப்பு ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தட்டியது. நாலு மாதத்தில் பின்பக்கம் இரண்டும் எண்ணெய் கக்கின. ஸ்பிரிங் வாங்கும் அன்றே ஷாக்கையும் சேர்த்து வாங்கியிருந்தால் ஒரு தடவை கூலியாவது மிச்சம்.

அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பதும், அப்படித்தான். மாட்டிய அன்று பார்க்காமல் "செட்டில் ஆகட்டும்" என்று இரண்டு மாதம் ஓட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்து உள்விளிம்பைத் தடவினால், ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் கையில் ஏறியது.

இனி ஸ்பேசர். இதில்தான் எனக்கு வெட்கம்.

எனக்குச் சோறு போடுவது கோவை கணபதியில் ஒரு பம்ப் மெஷின் ஷாப். சுற்றும்போது ஒரு முடி அளவு ஆட்டம் இருந்தாலும் அதை முள்ளில் காட்டும் டயல் கேஜைக் காட்டித் திருப்பி அனுப்புகிற ஆள் நான். அப்படிப்பட்டவன், தெரிந்த பட்டறை ஒன்றில் 15 மி.மீ. அலுமினியத் தட்டு நாலு கடைந்து வாங்கினேன். நடுவில் ஓட்டை, சுற்றிலும் ஐந்து துளை, பார்க்க வெள்ளித்தட்டு மாதிரி மினுமினுத்தது. இந்த வண்டியின் ஹப் (சக்கரம் மாட்டும் சுழலும் தலை) நடுவில் 57.1 மி.மீ. விட்டத்தில் ஒரு உதடு துருத்திக்கொண்டு இருக்கும். சக்கரம் அதில் உட்கார்ந்துதான் மையம் பிடிக்கும். 15 மி.மீ. தட்டைப் போட்டதும் அந்த உதடு தட்டுக்குள்ளேயே மறைந்துவிட்டது. தட்டின் வெளிமுகத்தில் அதே மாதிரி ஒரு உதடு கடைந்திருக்க வேண்டும். கடையவில்லை. நான் கேட்கவும் இல்லை. போதாததற்கு நடு ஓட்டையும் ஹப்பில் லொடலொட என்று ஆடியது.

பெருந்துறை தாண்டி சேலம் ரோட்டில் தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் அரிசி புடைத்தது. வீல் பேலன்ஸிங் இரண்டு தடவை செய்தேன், போகவில்லை. கடைசியில் கடையிலிருந்து டயல் கேஜைக் கொண்டுவந்து காந்தத்தில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். முள் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. எங்கள் கடையில் அது ஸ்கிராப்.

அதைவிடப் பயந்தது போல்ட்டைக் கழற்றியபோது. இந்த வண்டிக்கு ஸ்டட், நட் கிடையாது. 14 மி.மீ. போல்ட், மரை 1.5 பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. உள்ளே போகும். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ, போல்ட்டும் அவ்வளவு நீளமாக வேண்டும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அந்த அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைப் பாடம். இங்கே அது ஒன்பது சுற்று. எனக்குக் கொடுத்த போல்ட் நீளத்தில் சரி, தலையில் தப்பு. கம்பெனி அலாய் வீலில் போல்ட் உட்காரும் குழி கிண்ணம் மாதிரி உருண்டையாக இருக்கும். கொடுத்தது கூம்பு வடிவத் தலை. கிண்ணத்தில் கூம்பு உட்கார்ந்தால் முழுமுகம் படாது, ஒரு கோட்டில்தான் படும். 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு வைத்தும் பிடிமானம் அந்த மெல்லிய வளையத்தில்தான். துளை ஒவ்வொன்றிலும் மோதிரம் மாதிரி ஒரு தழும்பு இருந்தது. அதே சக்கரத்தில்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஈரோடு வரை போய் வந்திருக்கிறேன்.

சரியான உதடும் சரியான போல்ட்டும் இருந்தாலும் ஸ்பேசர் இலவசம் இல்லை. என் சக்கரத்தின் ஆஃப்செட் (சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம்) 52 மி.மீ. ஸ்பேசரோடு அது 37 ஆனது போல. பேரிங்குக்கு நெம்பு நீளும், முன்பக்கம் போட்டால் ரோட்டுப் பள்ளம் ஸ்டீயரிங்கை இழுக்கும்.

ஸ்பீடு பிரேக்கர் பற்றிக் கேட்பீர்கள். சாலைக்கு அளவுகோல் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி வட்ட மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம் உள்ள என் காரின் நாலு சக்கரமும் அதன்மேல் நிற்கும்போது அடிவயிற்றை நோக்கி நாலரை சென்டிமீட்டர்தான் எழும்பும். இறக்கின வண்டிகூடத் தொடாமல் போகும். நம் ஊர் மேடு ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொட்டியது, ஒரு முழ அகலத்தில் கரடு மாதிரி நிற்கும். பத்து சென்டிமீட்டரும் அப்படியே வயிற்றுக்கு வரும். குறுக்குவாட்டில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். பின்னால் வரும் டவுன் பஸ்காரர் ஹாரனில் வாழ்த்துவார்.

மாமனார் தோட்டத்துக்குப் போகும் இட்டேரிதான் தீரவே தீராது. வண்டித்தடம் இரண்டு பக்கமும் தேய்ந்து பள்ளமாகி, நடுவில் புல் முளைத்த மேடு. கிளுவை வேலி இரண்டு பக்கமும் நெருக்கும், குறுக்கே திருப்பவும் முடியாது. தார் ரோட்டிலேயே காரை விட்டுவிட்டு நடக்கிறேன். மச்சான் டிராக்டரில் வந்து பலகாரப் பையை வாங்கிக்கொண்டு சிரிப்பான்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. அங்கே தரை ஒரே சீர். ஃபார்முலா ஒன் ஓட்டிய நாராயண் கார்த்திகேயனைத் தந்த ஊர் கோவை, வண்டி செட்டப் தெரிந்த கைகள் இங்கே நிறைய. அவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் உயரம் மாற்றுவது நேரத்துக்காக. நாம் மாற்றுவது போட்டோவுக்காக. சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்காமல் போட்டவன், அதனால் நீட்டி முழக்கவில்லை.

இப்போது ஸ்பேசர் எதுவும் இல்லை. புது ஷாக், அதே 25 மி.மீ. ஸ்பிரிங், பழைய போல்ட். காலையில் கேட்டைத் திறந்ததும் ஒரு நிமிஷம் பக்கவாட்டில் நின்று பார்ப்பேன். இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை பெரியப்பா வந்தால் அதையே சொல்லிவிடுவேன்.

அந்த நாலு வெள்ளித்தட்டும் கடையில், பில் பறக்காமல் இருக்க மேஜைமேல் கிடக்கின்றன. ஏற்கெனவே இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள். தர மாட்டேனுங்க.