மணிக்கூலிக்காரருக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு

“மணிக்கூலிக்கு நிற்பவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது, மாதச் சம்பளக்காரருக்கே உண்டு” என்று திருகோணமலைக் கடை ஊழியர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சம்பளம் எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று பார்த்து இந்த உரிமையைப் பிரிப்பதில்லை. சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்திற்கு 45 மணித்தியாலம் என்ற எல்லையைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்பதே விதி. மணிக்கு 200 ரூபாய் பெறும் ஒருவர், ஒரு மணித்தியால இடைவேளையுடன் காலை 8 முதல் இரவு 8 வரை துணிக்கடையில் நின்றால், கடைசி 3 மணித்தியாலத்துக்கு 600 அல்ல, 900 ரூபாய் சேரவேண்டும். மேலதிக நேரத்துக்கு ஊழியர் சேமலாப நிதி கழிக்கப்படுவதில்லை என்பது மட்டும் உண்மை. அதைத்தான் யாரோ இப்படித் திரித்திருக்கிறார்கள் போலும். வாரத்திற்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் மேலதிக வேலை வாங்கவும் முதலாளிக்கு அனுமதியில்லை.