உபதேசம் செய்தவர் வீட்டில் எரிவாயு நின்றபோது

2022 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு திட்டத்தோடு வந்தது. எல்லா உறுப்பு நாடுகளும் எரிவாயுப் பயன்பாட்டை 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. ரஷ்யா குழாயைத் திருகி மூடிக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்பெயினின் எரிசக்தி அமைச்சர் தெரேசா ரிபேரா உடனே மறுத்தார். மற்ற சில நாடுகளைப் போல எரிசக்தி விஷயத்தில் நாங்கள் வரவுக்கு மீறி வாழவில்லையே என்றார். எந்த நாடு என்று பெயர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஸ்பெயினையும் கிரேக்கத்தையும் பார்த்துச் சொன்ன வசனத்தைத்தான் அவர் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் சிரிப்பதற்கானது இல்லை. ஜெர்மனி 2021இல் இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது, திரவ எரிவாயுவைக் கப்பலில் இருந்து இறக்க ஒரு முனையம்கூட அவர்களிடம் இல்லை. ஸ்பெயினிடமோ ஐரோப்பாவிலேயே அதிக முனையங்கள். சரி, இப்போது யார் ஊதாரி, யார் பொறுப்பானவர்? பட்ஜெட் பற்றாக்குறையை மட்டும் பொறுப்பின் அளவுகோலாக வைத்திருந்தவர்களுக்கு, ஒரே நாட்டின் குழாயை நம்பித் தொழிற்சாலைகளை ஓட்டுவதும் ஒரு வகைக் கடன்தான் என்று தோன்றவே இல்லை.

கொஞ்சம் பின்னால் போகலாம். 2010 மே மாதம், கடனைக் கட்ட முடியாமல் தவித்த கிரேக்கத்துக்கு முதல் மீட்புக் கடன், 11,000 கோடி யூரோ. கிரேக்க அரசு தன் பட்ஜெட் பற்றாக்குறையைக் கணக்கில் பொய்யாகக் குறைத்துக் காட்டியது உண்மை, அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கிரேக்க மக்களின் கைக்கு வரவில்லை, பழைய கடன்காரர்களுக்குத்தான் போனது. அந்தக் கடன்காரர்களில் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் முன்வரிசையில் இருந்தன. மக்களுக்கு வந்தது ஓய்வூதிய வெட்டும் வேலையின்மையும். நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய கால்வாசி சுருங்கியது.

2015 ஜூலையில் வங்கிகளை மூடி வைத்திருந்தபோது ஏதென்ஸ் ஏடிஎம் வாசல்களில் நின்ற வரிசைகள் நினைவிருக்கலாம். நாளொன்றுக்கு அறுபது யூரோ வரம்பு. இருபது யூரோ நோட்டு தீர்ந்துபோன இயந்திரங்களில் ஐம்பதுதான் வந்தது. கார்டு இல்லாத ஓய்வூதியர்களுக்காகச் சில வங்கிக் கிளைகளை மட்டும் திறந்தார்கள், வயதானவர்கள் கதவுக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், வாரத்துக்கு உச்சபட்சம் 120 யூரோ. இது நடந்தது உலகின் பணக்காரக் கூட்டமைப்பு ஒன்றுக்குள். அப்புறம் கிரேக்கத்தின் 14 பிராந்திய விமான நிலையங்கள் நீண்ட காலக் குத்தகைக்குப் போயின. எடுத்தது ஃப்ராபோர்ட் என்ற ஜெர்மன் நிறுவனம். அதில் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநில அரசுக்கும் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துக்கும் பங்கு உண்டு. அரசுச் சொத்து கிரேக்கர் கையில் இருந்தால் திறமையின்மை, ஜெர்மன் மாநில அரசு கைக்கு வந்தால் சீர்திருத்தம்!

இத்தனைக்கும் 1953இல் லண்டனில் கடன் கொடுத்தவர்கள் மேற்கு ஜெர்மனியின் கடனில் சுமார் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதியையும் ஏற்றுமதியில் உபரி வரும் அளவுக்குத் தக்கபடி கட்டினால் போதும் என்றார்கள். கையெழுத்துப் போட்ட நாடுகளில் கிரேக்கமும் ஒன்று. போர் முடிந்து எட்டே வருடம், கிரேக்கத்தை ஜெர்மனி ஆக்கிரமித்து அங்கே என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த காலம். அப்போது அவர்கள் பார்த்தது முப்பது வருடம் கழித்து ஐரோப்பா எப்படி இருக்க வேண்டும் என்பதை. 2010இல் ஜெர்மனி பார்த்தது தன் அடுத்த மாநிலத் தேர்தலை. என்னைக் கேட்டால் முழு வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது.

2020இல் கொரோனா வந்தபோது பழைய நாடகமே முதலில் ஓடியது. மார்ச்சில் ஜெர்மனி முகக்கவச ஏற்றுமதியைத் தடுத்தது. டச்சு நிதியமைச்சர் வோப்கே ஹூக்ஸ்ட்ரா, நெருக்கடிக்குச் செலவழிக்கச் சில நாடுகளின் பட்ஜெட்டில் ஏன் கையிருப்பு இல்லை என்று ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றார். இத்தாலியில் பிணங்களை ராணுவ லாரிகளில் ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள். போர்ச்சுகல் பிரதமர் அந்தோனியோ கோஸ்டா அதை அருவருப்பான பேச்சு என்று பத்திரிகையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். (ஹூக்ஸ்ட்ரா, கோஸ்டா, ரிபேரா மூவருமே பிறகு பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகத்தில், பெரிய பதவிகளுக்கு வந்துவிட்டார்கள். காபி நேரத்தில் என்ன பேசிக்கொள்வார்களோ!)

ஆனால் மே மாதம் ஜெர்மன் சான்சலர் மெர்க்கல் மாறினார். பிரெஞ்சு அதிபர் மக்ரோனோடு சேர்ந்து, கூட்டாகக் கடன் வாங்கி 50,000 கோடி யூரோவை மானியமாகவே தருவோம் என்றார். ஜூலையில் நாலு இரவு நடந்த பேரத்துக்குப் பிறகு மொத்த மீட்சி நிதி 75,000 கோடி என்று முடிவானது, அதில் மானியம் 39,000 கோடி, மீதி கடன். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்து வருடம் முன்னால் கனவிலும் நடக்காத காரியம் அது.

எதை வெட்டினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய சிக்கன நால்வரைச் சமாதானப்படுத்த ஒன்றியத்தின் பட்ஜெட்டுக்கு அவர்கள் கட்டும் பங்கில் தரும் தள்ளுபடியைக் கூட்டினார்கள், ஆஸ்திரியாவுக்கு அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இன்னொரு பக்கம், ஆணையம் கேட்ட பொது சுகாதாரத் திட்டத்தை 940 கோடியிலிருந்து 170 கோடிக்கு இறக்கினார்கள். கொள்ளைநோய் நடுவில் சுகாதாரத்துக்கு வெட்டு! பின்னால் ஐரோப்பிய நாடாளுமன்றம் சண்டை போட்டு ஓரளவு மீட்டது. ஆராய்ச்சிக்கும், நிலக்கரியை விட்டு வெளியே வரும் பகுதிகளுக்கும் ஒதுக்கியதும் இப்படித்தான் குறைந்தது. இந்த மூன்றுக்கும் விடிகாலை மூன்று மணிக்குப் பேச ஒரு பிரதமர் இல்லை, அவ்வளவுதான்.

வடக்கு நாடுகளின் பயம் வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடவும் முடியாது. இத்தாலியில் வீட்டை எரிசக்திச் சிக்கனத்துக்கேற்பப் புதுப்பித்தால் செலவில் 110 சதவீதத்தை வரிக்கழிவாகத் தரும் திட்டம் ஒன்று ஓடியது. செலவைவிட அதிகம் திரும்பி வரும் என்றால் எவன் விலை பேசுவான்? பெரும்பகுதி இத்தாலியின் சொந்தக் கஜானா என்றாலும், மீட்சி நிதியிலிருந்தும் ஒரு பங்கு அதற்குப் போனது. ஆகவே கண்காணிப்பு வேண்டும், நிபந்தனை வேண்டும். ஆனால் அந்த நிபந்தனைகளை எழுத வேண்டியது வீடு எரியாத காலத்தில். நெருக்கடி நடுவில் எழுதினால் அது நிபந்தனையாக இருக்காது, பழிவாங்கலாகவோ பேரமாகவோதான் வரும்.

2022 செப்டம்பரில் ஜெர்மனி தன் மக்களுக்கும் ஆலைகளுக்கும் மட்டும் 20,000 கோடி யூரோ எரிசக்திக் கவசம் அறிவித்தது. கையில் காசு இருந்தது, செய்தார்கள். அந்தப் பணமில்லாத நாட்டு ஆலை அதே சந்தையில் அதே ஜெர்மன் ஆலையோடு போட்டி போட வேண்டும். ஒரே சந்தை என்ற பேச்சு அங்கே என்ன ஆகிறது? ஸ்பெயினோ, சில விலக்குகளோடு எரிவாயுக் குறைப்புக்குக் கடைசியில் ஒப்புக்கொண்டது. மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்கள் என்றாலும், வைத்தார்கள்.

இப்படி ஒவ்வொரு தடவையும் ராத்திரி கூட்டம், ஒரு தடவை மட்டும் என்ற முத்திரை, அடுத்த நெருக்கடியில் மறுபடி முதலிலிருந்து. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ டிராகி தன் அறிக்கையில் ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் கூடுதலாக 75,000 முதல் 80,000 கோடி யூரோ வரை முதலீடு தேவை, கூட்டுக் கடனைத் தொடர வேண்டும் என்றார். அப்போதைய ஜெர்மன் நிதியமைச்சர் லிண்ட்னர் அதே நாளில் முடியாது என்றார். நானூறு பக்கத்துக்கு அருகில் வரும் அறிக்கை, படிக்கவாவது ஒரு வாரம் எடுத்திருக்கலாம்.

2020இல் வாங்கிய கடனின் அசலை 2028இலிருந்து 2058க்குள் திருப்பிக் கட்ட வேண்டும். எதிலிருந்து என்று இன்னும் தீராத வாக்குவாதம். புது வரியா, நாடுகளின் பங்கா, வேறு செலவில் வெட்டா? வெட்டு என்றால் எங்கே விழும் என்று 2020 ஜூலையிலேயே பார்த்துவிட்டோம்.