இயங்குதளத்துக்குள்ளேயே விபிஎன் இருக்கும்போது இன்னொரு செயலி எதற்கு?

எனக்கு வேண்டியது விபிஎன் வழியாக, அதாவது இணையத்தின் ஊடே போகும் பாதுகாப்பான தனிப்பாதை வழியாக, அலுவலக நெட்வொர்க்கில் நுழைவது, அவ்வளவுதான். அதற்காக நிறுவச் சொன்ன செயலி, கணினியைப் போட்டதுமே தானும் எழுந்துகொள்கிறது. தனக்கென்று ஒரு நெட்வொர்க் டிரைவரைப் போட்டுக்கொள்கிறது. இயங்குதளம் அப்டேட் ஆனால் அந்த டிரைவர் படுத்துவிடுகிறது. போன வாரம் வெறுத்துப்போய் அதை நீக்கினேன். அப்புறம் ஒரு தளமும் திறக்கவில்லை. தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றியபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது! அதைக் கண்டுபிடிக்க அரை நாள்.

இத்தனைக்கும் விபிஎன் இணைப்பை அமைக்கும் ஐகேஇவி2 நெறிமுறை 2005-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 7 முதல் விண்டோஸிலும், 2015 முதல் மேக்கின் அமைப்புகளிலும் அது உள்ளேயே இருக்கிறது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறாமலிருக்க மொபைக் என்ற நீட்டிப்பும் 2006-லேயே வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் இயங்குதள அப்டேட்டோடு வந்துவிடும், தனியாகத் துரத்த வேண்டாம்.

உள்ளதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். விண்டோஸில் வலுவான குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க பவர்ஷெல்லில் கட்டளை தட்ட வேண்டும். சரி, அது ஒருமுறை வேலை.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அந்தச் செயலிக்காரர்களுடைய சர்வரும் இதே ஐகேஇவி2-தான் பேசுகிறது, இணைப்புப் பதிவான லாகிலேயே தெரிகிறது. இயங்குதளத்தின் விபிஎன்னிலேயே இணைந்துகொள்ள சர்வர் முகவரியையும் சான்றிதழையும் அவர்களிடம் கேட்டேன். "எங்கள் செயலியையே பயன்படுத்துங்கள்" என்று பதில். மூன்று முறை கேட்டும் அதே வரிதான்.