762-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடலாமா?

கலிஃபோர்னியாவுக்கு வந்த புதிதில் பேஸ்பால் எனக்குக் கிட்டிப்புள் மாதிரிதான் தெரிந்தது. இப்போது, ஊக்கமருந்துப் புகாரில் சிக்கிய பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸ் பெயரை எடுத்தாலே அலுவலக நண்பரோடு சண்டை போடும் அளவுக்கு முற்றிவிட்டது. நண்பரின் கட்சி: பாண்ட்ஸின் ஹோம் ரன் சாதனையைப் புத்தகத்திலிருந்தே தூக்க வேண்டும், இல்லையென்றால் 'இது சந்தேகத்துக்குரியது' என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியாவது போட வேண்டும். என் கட்சி வேறு.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக: ஹோம் ரன் என்பது ஏறக்குறைய கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி. பாண்ட்ஸ் அடித்த மொத்த ஹோம் ரன் 762. அதற்கு முன் முதலிடத்தில் இருந்த ஹாங்க் ஆரன் 755, அவருக்கும் முன்னால் பேப் ரூத் 714. 2001-ல் பாண்ட்ஸ் ஒரே சீசனில் 73 அடித்தார். அதற்கு முன் அவருடைய அதிகபட்சம் 49. மற்றவர்களுக்கு முட்டி தேய்கிற வயதில், 37-ஐத் தொடும்போது, இந்தப் பாய்ச்சல். 2003-ல் பால்கோ என்ற ஆய்வுக்கூடத்தின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்தது. விசாரணையில் பாண்ட்ஸ், தன் பயிற்சியாளர் கொடுத்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்துத்தான் பயன்படுத்தியதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. நீதிக்கு இடையூறு செய்தார் என்று 2011-ல் வந்த தீர்ப்பு 2015-ல் ரத்தானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, நட்சத்திரக் குறிக்கு வருவோம். ஆரனைத் தாண்டிய 756-வது ஹோம் ரன் பந்தை மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தார். பந்தை அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, நட்சத்திரக் குறி போட்டுக் கொடுப்பதா, விண்வெளிக்கு அனுப்பிவிடுவதா! குறிதான் ஜெயித்தது. கூப்பர்ஸ்டவுனில் உள்ள, பேஸ்பால் பெரியவர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு அந்தப் பந்து குறியோடுதான் போய்ச் சேர்ந்தது.

வேடிக்கைதான். ஆனால் குறி போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை, பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் கறுப்பின வீரர்களை உள்ளே விடவில்லை. பேப் ரூத்தின் 714-ம் நாட்டின் நல்ல பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பலரை வாசலிலேயே நிறுத்திவிட்டு அடித்ததுதான். கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை அதிகாரபூர்வ ஏட்டில் சேர்க்க 2024 வரை ஆயிற்று. சேர்த்ததும் அந்த லீக்கின் ஜாஷ் கிப்சனின் 0.372, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடத்துக்குப் போனது. இன்னொன்று, களைப்பைப் போக்கி உசுப்பேற்றும் ஆம்ஃபெட்டமின் மாத்திரை வீரர்களின் அறையில் பல பத்தாண்டுகள் சகஜமாகப் புழங்கியது. அதற்குச் சோதனை வந்ததே 2006-ல்தான்.

அப்படியானால் பாண்ட்ஸ் செய்தது சரியா? இல்லை. ஆனால் அதில் நஷ்டப்பட்டது ஆரனின் 755 அல்ல. ஓர் அணியில் அப்போது 25 பேருக்குத்தான் இடம். மருந்து போட்டவன் ஓர் இடத்தைப் பிடித்தால், போடாத ஒருவன் கீழ்மட்ட மைனர் லீக்கில் பேருந்து ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குச் சாதனைப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது, எங்கே குறி போடுவீர்கள்? இதில் கொடுமை, சங்க பலம் இல்லாத அந்த மைனர் லீக் பையன்களுக்கு 2001-லேயே ஸ்டீராய்டு (தசையை வளர்க்கும் ஊக்கமருந்து) சோதனை வந்துவிட்டது. கோடிகள் வாங்கும் நட்சத்திரங்களுக்கு 2003-ல் பெயர் வெளியிடாத ஒரு கணக்கெடுப்புச் சோதனை மட்டும். 2004-ல்கூட முதல் முறை சிக்கினால் சிகிச்சைதான், ஆட்டத் தடை கிடையாது.

வீரர் சங்கம் சோதனையை எதிர்த்தது உண்மை. ஆனால் முதலாளிகளும் ஒன்றும் துடித்துப்போய்விடவில்லை. 1994-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தில், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டியான உலகத் தொடரே ரத்தாகி, ரசிகர்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். 1998-ல் மெக்வயர், சோசா என்ற இரண்டு வீரர்கள் 70, 66 ஹோம் ரன் என்று போட்டி போட்டு அடித்ததும் கூட்டம் திரும்பியது. அந்த சீசனில் மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோ என்ற, தசை வளர்ப்புக்கான மாத்திரை பாட்டில் இருந்ததை ஒரு நிருபர் எழுதினார். அது அப்போது கடையில் கிடைத்த பொருள், பேஸ்பாலில் தடையும் இல்லை. ஆனாலும் திட்டு வாங்கியது நிருபர்தான். மெக்வயர் ஸ்டீராய்டு போட்டதை ஒப்புக்கொண்டது 2010-ல்.

அந்தக் காலம் முழுவதும் விளையாட்டை நடத்திய கமிஷனர் பட் செலிக்கை 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தார்கள். 2022-ல், அங்கே சேர்ப்பதற்கான நிருபர்களின் வாக்கெடுப்பில், பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், பாண்ட்ஸுக்குக் கிடைத்த வாக்கு 66 சதவீதம், தேவை 75. நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று இன்னும் சொல்லவில்லை.

எப்போதாவது கூப்பர்ஸ்டவுன் போனால் அந்தக் குறி போட்ட பந்தைப் பார்க்க வேண்டும். செலிக்கின் வெண்கலத் தகடும் அங்கேதான் இருக்கிறது, குறி எதுவும் இல்லாமல்.